மெருகேற்றப் போய்ச் சாயத்தை இழக்கலாமா?



தீபாவளி நெருங்கிவிட்டால் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் கார் கழுவும் கடைகளில் வரிசை நீண்டுவிடும். வீட்டுக்குச் சாயம் பூசுகிறோமோ இல்லையோ, வாசலில் நிற்கும் கார் பளபளக்க வேண்டும். நியாயமான ஆசைதான். மாதாமாதம் தவணை கட்டுகிறவருக்கல்லவா அதன் அருமை தெரியும்!

ஆனால் அப்படிப் பளபளக்கும் கார் ஒன்றை மத்தியான வெயிலில் நிறுத்தி, சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகக் கீறல்கள் தெரியும். கறுப்பு வண்டியென்றால் கேட்கவே வேண்டாம். இவற்றைத்தான் சுழல் கீறல் என்கிறோம். பட்டறையில் 'சுவெர்ல் மார்க்' என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கீறல்களில் பெரும்பாலானவை வட்டமானவையே அல்ல. நேராகவும் கோணலாகவும் எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்ணிய கோடுகள் அவை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதற்குக் குறுக்கே கிடக்கும் கோடுகள் மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வளையம் போட்டாற்போல் தோன்றுகிறது. நம்பாதவர்கள் அடுக்களைக்குப் போய், பல நாள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டு ஒன்றை மின்விளக்கின் கீழ்ப் பிடித்துப் பாருங்கள். தட்டை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும்!

இந்தக் கீறலைப் போடுகிறவர் யார்? பெரும்பாலும் நாமேதான். தோட்டத்து மண் சாலையில் ஓடி வந்த வண்டியின் மேல் செம்மண் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் கலந்திருக்கும் நுண்மணல், சாயத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. தண்ணீர் விடாமல் பழைய சட்டையை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் என்ன ஆகும்? உப்புத்தாள் கொண்டு தேய்த்தது போலத்தான். ஒரே வாளித் தண்ணீரில் டயரையும் துடைத்து, அதே துணியால் முன்மூடியையும் துடைக்கிற பழக்கம் நம்மிடையே நிறைய உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்லவும் வேண்டுமோ!

கீறலை எடுப்பது எப்படி என்று அறியுமுன், எதிலிருந்து எடுக்கிறோம் என்று அறிய வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் அடிப்பூச்சு, அதற்கும் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத ஒரு தெளிந்த பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சைப் பட்டறைக்காரர்கள் 'கிளியர்' என்கிறார்கள். பளபளப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கீறலும் அதில்தான் விழுகிறது. நான்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத் தாள் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளியர் மட்டும் அதில் பாதிகூட இல்லை. நாம் படிக்கும் நாளிதழின் தாளைவிட மெல்லியது!

மெருகேற்றுவது என்றால் கீறலை அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து எடுத்துவிடுகிறோம், பள்ளம் மறைந்துவிடுகிறது. ஜாலான் துக்காங் எமாஸ் என்று மலாக்கா நகரில் ஒரு தெருவே பொற்கொல்லர் பெயரில் இருக்கிறது. நகைக்கு மெருகிடும் ஆசாரியும் இதே வேலையைத்தான் செய்கிறார். ஆனால் அவர் உதிரும் பொன் தூளைச் சேர்த்து வைத்துக்கொள்வார். காரில் உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

போன சாயத்தைத் திரும்ப அடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். அடிக்கலாம், பணம் வேண்டும். பணம் கொடுத்தாலும் அது பழைய சாயம் ஆகாது. தொழிற்சாலையில் வெறும் கூடாக இருக்கும்போதே சாயம் பூசி, 140 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடான அடுப்பில் வைத்துச் சுட்டெடுக்கிறார்கள். நம் மாநிலத்தில், அலோர் காஜாவை அடுத்த பெகோவில், 2003 முதல் ஹொண்டா கார்கள் உருவாகின்றனவே, அங்கும் வண்டி இப்படித்தான் உடுத்திக்கொள்கிறது. மின்கம்பியும் இருக்கையும் பிளாஸ்டிக்கும் ஏறிவிட்ட வண்டியைப் பட்டறையில் அந்தச் சூட்டில் வைக்க முடியுமா?

போதாததற்கு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் இந்தக் கிளியர்தான். மெலிந்துபோனால் இன்று தெரியாது. சில ஆண்டு கழித்துக் கூரையிலும் முன்மூடியிலும் தோல் உரிந்தாற்போல் வெள்ளைத் திட்டு விழும். அப்படிப்பட்ட வண்டிகளை நம் கடைத்தெருக்களில் தினமும் பார்க்கிறோம். பழைய கார் வாங்கும் வியாபாரி முதலில் விலையைக் குறைப்பதும் அந்தத் திட்டைக் காட்டித்தான்.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். சுழல் போலிஷ் இயந்திரம் என்பது ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றுவது. ஏழு அங்குல வட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பின் வேகம் என்ன? வட்டின் சுற்றளவு ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 50 கிலோமீட்டர் வருகிறது! (ஆசிரியர் புத்தி, கணக்கில்லாமல் ஓடாது.) அந்த வேகத்தில் ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் சூடு ஏறும். இரும்புத் தகடாவது சூட்டைப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பம்பர் பரப்பாது. அங்கேதான் சாயம் முதலில் கருகும். கதவின் விளிம்பு, முன்மூடியின் மடிப்பு இங்கெல்லாம் வட்டின் அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் இறங்குவதால், கண் இமைக்கும் நேரத்தில் அடிப்பூச்சு எட்டிப்பார்க்கும்.

ஆகவே தெரிந்தவர்கள் விளிம்புகளில் முதலில் ஒட்டுநாடா ஒட்டுவார்கள். வண்டியை நன்றாகக் கழுவி, நிழலில் ஆறவிடுவார்கள். நம் வெயிலில் நின்ற தகட்டில் காம்பவுண்ட் வைத்தால் அப்போதே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நகத்தால் வருடும்போது நகம் தடைபடுகிற கீறலை விட்டுவிட வேண்டும். அதை எடுக்கப் போனால் கிளியர் மிஞ்சாது. பிறகு, மறைவான ஓரிடத்தில் சோதனை. மிருதுவான ஃபோம் வட்டு, நயமான காம்பவுண்ட், இவற்றில் ஆரம்பித்து, போதாவிட்டால்தான் கரடானதற்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் கம்பளி வட்டைப் போடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பேன். இரண்டடிச் சதுரமாகப் பிரித்து, இயந்திரம் ஓடத் தொடங்குமுன் வட்டைச் சாயத்தின் மேல் வைத்து, குறைந்த வேகத்தில் காம்பவுண்டைப் பரப்பி, பின்பு வேகம் கூட்டி, கையை மெதுவாக நகர்த்த வேண்டும். இடையிடையே புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. என்னிடம் வாய்பாட்டுக்குப் பயந்து பெஞ்சுக்கடியில் ஒளிந்த பையன் ஒருவன், இன்று தகட்டைத் தொட்டே சூட்டை அளக்கிறான். கணக்கு எங்கே போய் ஒளிந்திருந்தது பாருங்கள்!

வட்டைப் புரட்டிப் பார்க்கவும் மறக்கக் கூடாது. 1985-இல் புரோட்டோன் சாகா வருவதற்கு முன் நம் தோட்டங்களில் ஓடிய டட்சன், மோரிஸ் மைனர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் கிளியர் கிடையாது. போலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறம் ஒட்டும், அது இயல்பு. இன்றைய வண்டியில் வட்டில் நிறம் ஒட்டினால் கிளியரைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

வேலை கற்கும் தம்பிமார்கள், சுழலும்போதே ஆடவும் செய்கிற இரட்டை அசைவு இயந்திரத்தில் தொடங்குவது உத்தமம். நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் விளிம்பில் அழுத்தினால் சுற்றுவது தானே தளர்ந்துவிடும். தோட்டத்தை விட்டு ஆயர் குரோவுக்கும் பத்து பெரெண்டாமுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். கழுத்துச் சங்கிலியையும் கைக்கயிற்றையும் கழற்றி வைத்து, மின்கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியும் முகமூடியும் அணிந்து வேலை செய்யுங்கள். ஈரத் தரையில் நின்று இயந்திரத்தைத் தொடாதீர்கள். கூலிக்குக் கழுவுவதோடு நின்றுவிடாமல், வாகனத் துறையில் எஸ்.கே.எம். திறன் சான்றிதழுக்கும் வழி தேடுங்கள். பெற்றோர்களும் அதை இளப்பமாக எண்ண வேண்டாம்.

இனிப் பணம் கொடுக்கிறவருக்கு ஒரு வார்த்தை. சில இடங்களில் கீறலை எடுப்பதே இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள போலிஷைப் பூசிப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறார்கள். நாலு மழை பெய்ததும் கீறல் பழையபடி எழுந்து நிற்கும். வேறு சில இடங்களில் கம்பளி வட்டோடு வேலையை முடித்துவிடுவார்கள். நிழலில் கண்ணாடிபோல் இருக்கும் வண்டியில், வெயிலுக்கு வந்ததும் பாம்பு ஊர்ந்த தடம்போல் வானவில் கோடுகள் ஓடும். இரண்டுக்கும் சோதனை ஒன்றே. தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஓரிடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லி, வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போலிஷ் அடிக்கலாம் என்று நாள் பார்க்க வேண்டாம். கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும் போதும். வருடா வருடம் தீபாவளிக்கு இயந்திரம் வைத்தால் கிளியர் எத்தனை வருடத்துக்குத் தாங்கும்?

வீட்டில் கழுவும்போது முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிடுங்கள். வாளி இரண்டு வையுங்கள். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். மேலிருந்து கீழே வாருங்கள். டயருக்குத் தனித் துணி. தாய்மார்களே, கார் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியைப் பஞ்சுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். உதிரும் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவமும் அதற்கு ஆகாது. தனியே துவைத்து, நிழலில் காயவைத்து, ஒரு பையில் போட்டு மூடி வையுங்கள். தரையில் விழுந்துவிட்டால் மறுபடி துவைக்காமல் வண்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.