ஆறு திரும்பும் காலம்

காலத்தின் அருமையை அறிந்து வாழ்பவரே வெற்றி பெறுவர். உழவன் பருவம் பார்த்து விதைக்கிறான். பரதவன் காற்றின் போக்கை அறிந்து படகைக் கடலில் தள்ளுகிறான். திருவள்ளுவரும் 'காலமறிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். வெளிநாட்டுப் பயணம் மேற்கொள்வோரும் காலம் அறிந்தே புறப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஓர் ஊரைக் காண ஏற்ற காலம் எது? நம் உடலுக்கு இதமான காலமா? அல்லது, அவ்வூர் தன் முழு இயல்போடு விளங்கும் காலமா? இக்கேள்விக்கு விடை காண்பதற்குத் தென்கிழக்கு ஆசிய நகரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்போடிய நாட்டின் தலைநகராகிய புனோம் பென் என்பதே அந்நகரம்.

உலகப் படத்தை விரித்துப் பாருங்கள். சிதம்பரத்திலிருந்து கிழக்கு நோக்கி ஒரு நேர்கோடு இழுத்தால், அது வங்கக் கடலையும் தாய்லாந்து வளைகுடாவையும் கடந்து புனோம் பென் நகரத்தின் அருகே செல்லும். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் அமைந்தவை. ஆயினும் இரண்டிற்கும் மழைக்காலம் ஒன்றன்று. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் நீரின் பெரும்பகுதியைச் சொரிந்துவிட்டு வருவதால், சோழநாட்டுக் கடற்கரைக்குக் குறைவாகவே மழை தருகிறது. அதே காற்று கடல்களைக் கடந்து சென்று கம்போடியாவில் மே முதல் அக்டோபர் வரை மிகுந்த மழை பொழிகிறது. பின்பு காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்தை முகந்துகொண்டு நம் கரைக்கு மழையாக வருகிறது. கம்போடியாவுக்கோ நிலத்தின் வழியே வறண்ட காற்றாகச் செல்கிறது. ஆகவே, இங்கே குடை விரியும் கார்த்திகையில் அங்கே குடை மடங்குகிறது!

புனோம் பென் நகரத்தின் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையற்ற, ஓரளவு குளிர்ந்த காலம். மார்ச்சு முதல் மே மாதத்தின் முற்பகுதி வரை கடுங்கோடை. அதன்பின் அக்டோபர் முடிய மழைக்காலம். ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி இம்மழைக்காலத்திலேயே பெய்துவிடுகிறது. செப்டம்பரும் அக்டோபரும் மழை மிக்க மாதங்கள்.

பயண நூல்களைப் புரட்டினால், அவை பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன: "நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்க, மழைக்காலத்தைத் தவிர்க்க" என்பதே அவற்றின் அறிவுரை. இவ்வறிவுரையில் உண்மை இல்லாமல் இல்லை. அக்காலத்தில் வானம் தெளிந்திருக்கும். காலையும் மாலையும் இனிமையாக இருக்கும். 1866-ஆம் ஆண்டு முதல் எழுந்த அரண்மனையின் பொன்னிறக் கூரைகளை நின்று நிதானமாகக் காணலாம். 1920-இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்தில் கெமர் மக்களின் சிற்பக்கலையைக் கண்டு மகிழலாம். கெமர் எழுத்து, பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பதை எண்ணிப் பெருமிதமும் கொள்ளலாம். முதியோரும் உடல் நலிந்தோரும் சிறு குழந்தைகளோடு செல்வோரும் இக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதே தக்கது. அதனை யாரும் மறுக்கமாட்டார்.

எனினும், உடல் வலிமையும் கற்கும் ஆர்வமும் உடையோர் அனைவரும் இந்த நான்கு மாதங்களையே நாடிச் செல்வது சரியன்று என்பது என் கருத்து. புனோம் பென் நீரால் பிறந்து நீரால் வாழும் நகரம். நீர் பெருகும் காலத்தைத் தவிர்த்துவிட்டு அதனைக் காணச் செல்வது, இசைவாணர் பாடி முடித்தபின் அரங்கிற்குள் நுழைவதைப் போன்றது.

இந்நகரம் தோன்றிய கதையே வெள்ளத்தின் கதைதான். 1372-ஆம் ஆண்டில் ஆறு பெருக்கெடுத்து ஓடியபோது, பென் என்னும் மூதாட்டி ஒருத்தி நீரில் மிதந்து வந்த மரம் ஒன்றைக் கண்டாளாம். அதன் பொந்தில் புத்தர் சிலைகள் நான்கு இருந்தனவாம். அவள் சிறு குன்றொன்றை எழுப்பி, அதன்மேல் ஒரு கோயில் அமைத்து, அச்சிலைகளை வைத்து வழிபட்டாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. கெமர் மொழியில் 'புனோம்' என்பதற்குக் குன்று என்பது பொருள். ஆகவே, 'பென் அம்மையின் குன்று' என்பதே அந்நகரத்தின் பெயர். வெள்ளம் கொணர்ந்த கொடையைப் போற்றிய ஒரு மூதாட்டியின் பெயரை ஒரு தலைநகரம் இன்றும் தாங்கி நிற்கிறது.

நகரத்தின் முன்னே ஆறுகள் கூடும் இடத்தைச் 'சக்தோமுக்' என்று அழைக்கின்றனர். நான்முகம் என்று பொருள்படும் 'சதுர்முகம்' என்ற வடசொல்லே அவ்வாறு திரிந்துள்ளது. வடக்கிலிருந்து மேக்கொங் பேராறு வருகிறது. வடமேற்கிலிருந்து தொன்லே சாப் ஆறு வந்து அதனோடு கூடுகிறது. கூடிய நீர், கீழ் மேக்கொங், பாசாக் என்னும் இரண்டு கிளைகளாகப் பிரிந்து கடலை நோக்கிச் செல்கிறது. நான்கு திசைகளில் நான்கு நீர்வழிகள் இருப்பதால் அப்பெயர் மிகவும் பொருந்துகிறது.

இனி, இங்கே ஆண்டுதோறும் நிகழும் வியப்பைக் கேளுங்கள். மேக்கொங் ஆறு திபெத்தியப் பீடபூமியில் தோன்றி, நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவது. உருகிய பனி நீரும் பருவமழை நீரும் சேர்ந்து அதனை நிரப்பும்போது, புனோம் பென்னுக்கு அருகே அதன் நீர்மட்டம் தொன்லே சாப் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்துவிடுகிறது. அப்பொழுது, ஏரியிலிருந்து நகரத்தை நோக்கி ஓடிவந்த தொன்லே சாப் ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. நகரத்திலிருந்து ஏரியை நோக்கி அது எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது! ஆறு கடலை நோக்கி ஓடும் என்றே நாம் படித்திருக்கிறோம். வந்த வழியே திரும்பிச் செல்லும் ஆற்றை இங்கே கண்ணாரக் காணலாம்.

இத்திருப்பத்தால் விளையும் பயன் மிகப் பெரிது. கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் சுருங்கிக் கிடக்கும் ஏரி, வெள்ளம் நிறையும் ஆண்டுகளில் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலாக விரிகிறது. ஏறத்தாழ ஒரு மீட்டராக இருந்த ஆழம் எட்டு, ஒன்பது மீட்டர்வரை உயர்கிறது. ஏரியைச் சூழ்ந்த காடு நீரில் மூழ்குகிறது. மூழ்கிய மரங்களின் நிழலில் மீன்குஞ்சுகள் இரை தேடி வளர்கின்றன. வெள்ளம் பரப்பிய வண்டலில் நெல் செழிக்கிறது. நீர் வடியும்போது மீன்கள் கூட்டங்கூட்டமாக ஆற்றில் இறங்க, வலைகள் நிறைகின்றன. சோறும் மீனுமே அம்மக்களின் முதன்மையான உணவு. அந்நாட்டு நாணயத்தின் பெயர் 'ரியெல்'. அந்நீரில் திரளாகக் கிடைக்கும் சிறு மீன் ஒன்றின் பெயரும் 'ரியெல்' என்றே வழங்குகிறது. ஆகவே, பயணி வெறுக்கும் மழையே அம்மக்களின் உணவும் செல்வமுமாக இருக்கிறது.

மழைக்காலத்திற்கே உரிய சடங்குகளும் உண்டு. மே மாதத்தில், மழை தொடங்கும் வேளையில், அரச ஏர் பூட்டும் விழா நடைபெறுகிறது. உழுது முடித்த எருதுகளின் முன்னே நெல், சோளம், பயறு, எள் முதலியவற்றைத் தட்டுகளில் வைத்து, அவை எதனை விரும்பி உண்கின்றன என்பதைக்கொண்டு அவ்வாண்டின் விளைவைக் கணிக்கின்றனர். நம் நாட்டில் சித்திரையில் நல்லேர் பூட்டும் வழக்கத்தை அறிந்தவர்க்கு இவ்விழா அயலானதாகத் தோன்றாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 'புச்சும் பென்' என்னும் முன்னோர் வழிபாடு பதினைந்து நாள் நடக்கிறது. இங்கே 'பென்' என்பது பிண்டம் என்ற சொல்லின் திரிபு. நாம் மகாளய நாட்களில் முன்னோரை நினைப்பதுபோல, அவர்களும் சோற்றுருண்டை படைத்து நினைக்கின்றனர்.

மழை ஓய்ந்து, ஏரியிலிருந்து நீர் மீண்டும் கடலை நோக்கித் திரும்பும் காலத்தில் நீர்த் திருவிழா நிகழ்கிறது. 'கடெக்' என்னும் கார்த்திகை மாதத்து முழுநிலவை ஒட்டி, பெரும்பாலும் நவம்பரில், மூன்று நாட்கள் அரண்மனையின் முன் ஆற்றில் நெடும்படகுகள் போட்டியிடுகின்றன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சிற்றூர் மக்கள் தத்தம் ஊர்ப் படகோடு வந்து கூடுகின்றனர். இரவில் விளக்குத் தெப்பங்கள் ஆற்றில் மிதக்கின்றன. நிலவை வணங்கிப் புதுநெல் அவலை வாழைப்பழத்தோடு உண்கின்றனர். ஆற்றுக்கு நன்றி கூறும் விழா இது. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரையில் நின்றவர்க்கு இதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

"மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலுமா?" என்று சிலர் கேட்கலாம். அங்கே பெரும்பாலான நாட்களில் மழை பிற்பகலில் கொட்டி, சில மணி நேரத்தில் ஓய்கிறது. காலைப்பொழுதில் நகரத்தைச் சுற்றிவரலாம். மழை வரும்போது அருங்காட்சியகத்திலோ, 1937-இல் கட்டி முடிக்கப்பட்ட நடுச்சந்தையின் மாபெரும் குவிமாடத்தின் கீழோ இருக்கலாம். கொசுக்கடியால் வரும் காய்ச்சலுக்கு எதிராகத் தற்காப்புச் செய்துகொள்ளுதல் வேண்டும். பெருமழையில் சில தெருக்கள் நீரில் மூழ்குவதும் உண்மையே. ஆனால், அதுவும் ஒரு பாடமாகும். அந்நகரத்தில் பெங் காக் என்ற ஏரி இருந்தது. 2008-ஆம் ஆண்டு முதல் அதனை மணலிட்டுத் தூர்த்தனர். கரையில் வாழ்ந்த மக்கள் பலர் வீடிழந்தனர். நீர் தங்கும் இடத்தைப் பறித்தால், நீர் தெருவில் வந்து தங்கும். வறண்ட காலத்தில் மட்டும் செல்பவர் புதிய மாளிகைகளைக் கண்டு வியப்பர். மழையில் செல்பவரே அவற்றிற்குக் கொடுத்த விலையையும் காண்பர்.

கோடையும் நமக்கு ஒன்றைச் சொல்லும். ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே, அவர்களுடைய புத்தாண்டும் பிறக்கிறது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசு அளவுக்கு ஏறும். அந்த வெயிலில்தான், 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள், கெமர் ரூச் படையினர் நகரத்தைக் கைப்பற்றி, ஏறத்தாழ இருபது இலட்சம் மக்களை வெளியேற்றினர். முதியோரும் நோயாளரும் பச்சிளங் குழந்தைகளும் கொதிக்கும் சாலையில் நடத்தப்பட்டனர். வழியிலேயே மடிந்தவர் பலர். பயணிக்கு வெறும் அசௌகரியமாகத் தோன்றும் ஏப்ரல் வெயில் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அம்மாதத்தில் அங்கே ஒரு நாழிகை நடந்தவர் உணர்வர்.

நான் இவற்றை வற்புறுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்த ஆற்றின் ஒழுங்கு இன்று தளர்ந்து வருகிறது. 2015-இல் நீர் குறைந்தமையால் தலைநகரின் படகுப்போட்டி நடைபெறவில்லை. 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் மேக்கொங்கில் நீர் மிகக் குறைந்து, ஆறு திரும்புவது தாமதப்பட்டது. மழை பொய்த்ததும், ஆற்றின் மேற்பகுதிகளில் எழுந்த அணைகளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வறண்ட மாதங்களில் மட்டும் சென்று வருபவர் இம்மாறுதலை அறியார். அறியாதவர் அதுபற்றிக் கவலையும் கொள்ளார்.

ஆகவே, மாணவர்களே, என் முடிவைக் கூறுகிறேன். ஒரே ஒருமுறை செல்லும் வாய்ப்புடையோர் நவம்பர் முழுநிலவை ஒட்டிச் செல்க. மழையின் பயனையும் தெளிந்த வானத்தையும் ஒருசேரக் காணலாம். ஆனால், கூட்டத்தில் விழிப்பாக இருக்கவேண்டும். 2010-ஆம் ஆண்டு விழாவின் இறுதி நாளில் ஒரு பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுமுறை செல்லும் வாய்ப்புப் பெறுவோர் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ குடையோடு செல்க. ஆற்றங்கரையில் நின்று, நீர் எத்திசையில் ஓடுகிறது என்று பார்க்க. பயணிகள் குறைந்த அம்மாதங்களில் படகோட்டிக்கும் சிறு கடைக்காரருக்கும் நீங்கள் தரும் கூலி இரட்டிப்புப் பயன் தரும்.

வீட்டுக்கு வெள்ளையடித்த நாளில் மட்டும் வருபவர் விருந்தினர். மழை ஒழுகும் நாளிலும் வருபவர் உறவினர். பிற நாடுகளுக்கு விருந்தினராகச் செல்வோர் பலர் இருக்கின்றனர். உறவினராகச் செல்வோரே அந்நாடுகளை உள்ளபடி அறிந்து திரும்புவர்.