நிரல் என்னும் சொல்

'புரோகிராம்' என்னுஞ் சொல் நம்மிடையே பல வேடம் பூணுகின்றது. விழாவிலே அது நிகழ்ச்சி நிரல், வானொலியிலே நிகழ்ச்சி, அரசாங்க அலுவலகத்திலே நிகழ்ச்சித்திட்டம், கணினி வகுப்பிலே செய்நிரல். ஆங்கிலேயர் விழாவிற்கு ஓர் எழுத்துக்கூட்டும், கணினிக்கு வேறோர் எழுத்துக்கூட்டும் வகுத்துக்கொண்டனர். நம்மவருட் சிலரோ 'ப்ரோகிராம்' என மெய்யெழுத்தை மொழிமுதலில் நிறுத்துகின்றனர். இது நன்னூல் விதிக்கு மாறு.

ஒன்றன்பின் ஒன்றாய் முறைப்பட நிற்பதே நிரல். தொல்காப்பியர் கூறும் நிரனிறையும் இச்சொல்லடியாகப் பிறந்ததே. கணினிக்குரிய கட்டளைகளை முறைப்பட எழுதுவதும் நிரலாக்கமே. ஆதலின், செய்நிரலாக்கம் என்பதை வெறுமனே மனனஞ் செய்விக்கும் வழக்கத்தை ஆசிரியர் கைவிடல் வேண்டும். சொல்லின் பொருளை முதலில் விளக்குக. புளத்கொகுபிட்டியத் தோட்டத்துப் பிள்ளை, தானறிந்த தமிழின் வழியே அப்புதுக் கலையை அணுகட்டும். பழைய மாணவர்களும் இதற்குத் துணைநிற்குமாறு வேண்டுகின்றோம்.