நியூரோவை சாய்ஸில் விடும் நண்பர்களுக்கு

"நியூரோவா? சாய்ஸ்ல விட்டுடு மச்சி!"

சீனியர்கள் நமக்கு விட்டுப்போகும் பரம்பரைச் சொத்து இது. சுத்தியலைக் கேட்டால் தர மாட்டார்கள். பயத்தை மட்டும் இலவசமாகத் தருவார்கள் :-)

நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. ரால்ஃப் ஜோசபோவிச் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1994-லேயே இதற்கு 'நியூரோபோபியா' என்று பெயர் வைத்துவிட்டார். புத்தகத்தில் படித்த மூளையையும் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியையும் மாணவனால் இணைத்துப் பார்க்க முடியாததுதான் காரணம் என்றார். நான் இன்னும் காட்டமாகவே சொல்கிறேன்: பாடம் கஷ்டமில்லை. அதை ரசிக்காதவர்கள் ஸ்லைடைப் பார்த்து ஒப்பிப்பதுதான் கஷ்டம்.

எனக்கு அந்த பயம் போனது ஒரு பைக் சாவியால்.

வார்டில் ஒரு தையல்கார அம்மா. ஆறு மாதமாகக் கால் விறைப்பு. செருப்பு கழன்று போனாலும் தெரியாதாம். இடுப்புப் பகுதிக்கு இரண்டு எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, இரண்டும் நார்மல். "மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்டு யாரோ தூக்க மாத்திரை வேறு எழுதியிருந்தார்கள். எங்கள் சார் படத்தைத் தொடவில்லை. "பசங்க பாக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, உள்ளங்காலின் வெளி ஓரமாகச் சாவியால் மெதுவாகக் கீறினார். பெருவிரல் மேலே எழுந்தது. "பாத்தீங்களாடா!" என்று சார் குதித்த குதியில் அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

1896-ல் பாரிஸில் பாபின்ஸ்கி சொன்ன அடையாளம் இது. பெரியவர்களுக்கு விரல் இப்படி மேலே போனால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதையில் எங்கோ அடி. தண்டுவடமோ முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எத்தனை படம் எடுத்து என்ன பயன்? சார் குண்டூசியைக் காலிலிருந்து மேலே கொண்டுவந்தார். மார்புக்குச் சற்றுக் கீழே வந்ததும், "இப்பதான் சுருக்குன்னு இருக்கு சார்." அங்கே எடுத்த படத்தில் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சுவரைப் பிடித்து நடந்ததை நான் பார்த்தேன்.

எம்ஆர்ஐ காலத்தில் சாவி எதற்கு என்று கேட்கும் அறிவாளிகளே, எங்கே படம் எடுக்க வேண்டும் என்று எம்ஆர்ஐ சொல்லாது!

அந்த பாபின்ஸ்கிக்கு வாத்தியார் யார் தெரியுமா? சால்பெட்ரியர் மருத்துவமனையின் ஷார்கோ. நடுக்கத்துக்கு நடுக்கம் உள்ள வித்தியாசம் கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று நோயாளிகளின் தொப்பியில் நீளமான இறகு செருகியவர். அவர்கள் நடையைத் தானே நடந்து காட்டியவர். 1885-ல் வியன்னாவிலிருந்து போன பிராய்டு உட்கார்ந்தது இவருடைய வகுப்பில்தான். ஹிஸ்டீரியா என்று சொல்லிப் பெண்களை மேடையேற்றிக் காட்சிப்பொருளாக்கியதும் இதே ஷார்கோதான். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதனால்தான் சாவிக்கு முன்னால் சார் கேட்ட அந்த ஒரு வார்த்தையும் பாடம் என்கிறேன்.

"நான் நியூரோ எடுக்கப் போறதில்லையே" என்பீர்கள். சரி. ராத்திரி இரண்டு மணிக்கு வாய் கோணி, கை விழுந்து ஒருவர் வருவார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். அப்போது அங்கே நரம்பியல் நிபுணர் இருக்க மாட்டார். நீங்கள்தான் இருப்பீர்கள்.

ஆகவே வாத்தியார்களே, ஸ்லைடை அணைத்துவிட்டு எங்களை வார்டுக்குக் கூட்டிப்போங்கள். நண்பர்களே, கேள்வித்தாளில் தாராளமாக சாய்ஸில் விடுங்கள். கேஷுவாலிட்டியில் சாய்ஸ் கிடையாது.