ஜன்னலுக்கு வெளியே நிற்கட்டும் வெயில்

குளிர்சாதனக் கருவிகளை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழும் 28 டிகிரிக்கு மேலும் இயக்க இயலாதபடி விதி கொண்டுவரப்படும் என்று 2025 ஜூன் மாதத்தில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார். உடனே விவாதம் சூடுபிடித்தது. அரசு நம் படுக்கையறைக்குள் நுழையலாமா என்று சிலர் சினந்தனர். மின் சிக்கனத்துக்கு இது அவசியம் என்று சிலர் வாதிட்டனர். அந்த அறைக்குள் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

தமிழகத்தைப் பொருத்தவரை இது அவசரமான கேள்வி. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வெயிலைப் பேரிடர் என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால், அதை வீட்டு வாசலில் தடுத்து நிறுத்தும் மிக மலிவான கருவியைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் திரைதான் அது.

'வெளியே' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் பிறந்ததும் நடுத்தரக் குடும்பங்கள் கனத்த திரைச்சீலை வாங்கி ஜன்னலின் உட்புறம் மாட்டுகின்றன. அறை இருளடைகிறது; வெப்பம் ஓரளவே குறைகிறது. காரணம் எளிது. சூரிய ஒளி கண்ணாடியைத் தடையின்றிக் கடந்து வந்து திரைச்சீலையைச் சூடாக்குகிறது. சூடான துணி வெளிவிடும் வெப்பக் கதிர்களோ கண்ணாடியைத் தாண்டி வெளியேறுவதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கை வைத்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடிக்கு முன்பே தடுக்கப்படும் வெயில் தன் வெப்பத்தைத் தெருவிலேயே விட்டுவிடுகிறது. மேற்கு ஜன்னலுக்கு வெளியே பந்தல் போன்ற மறைப்பு அமைத்தால் கோடையில் உள்ளே வரும் சூரிய வெப்பம் 77 விழுக்காடு வரை குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்குக்கு ஐந்து அடி அளவுள்ள மேற்கு ஜன்னல் ஒன்று. மே மாதப் பிற்பகல் நான்கு மணிக்கு அதன்மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 600 வாட் வெயில் விழுகிறது என்று கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். ஆக, ஒற்றை ஜன்னல் வழியாக 900 வாட் அளவுக்கு வெப்பம் நுழைகிறது. ஒன்றரை டன் குளிர்சாதனத்தின் முழுத்திறனில் இது ஆறில் ஒரு பங்கு. மூன்று மணி நேரம் நுழையும் இந்த வெப்பத்தை வெளியேற்ற முக்கால் அலகு மின்சாரம் வேண்டும். குளிர்சாதனம் ஓடும் அறைகளில் இப்படி மூன்று ஜன்னல்கள் இருந்தால், இரு மாதங்களில் 130 அலகுக்கு மேல் செலவாகும். வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 100 அலகு இலவசம் என்று 2016-இல் அறிவிக்கப்பட்டதை நினைவில் கொள்ளுங்கள். அந்த இலவசத்தை மேற்கு ஜன்னல்களே தின்றுவிட்டு மேலும் கேட்கின்றன.

இந்தச் செலவு நம் மின் கட்டணத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. பிற்பகலில் சுவரும் தரையும் கட்டிலும் உறிஞ்சிக்கொண்ட வெப்பம், பொழுது சாய்ந்த பிறகே அறைக்குள் கசிகிறது. சரியாக அதே நேரத்தில்தான் சூரிய மின் உற்பத்தி நின்றுபோகிறது. தட்டுப்பாடு ஏற்படும் மாலைகளில் மின்வாரியம் மின் சந்தையில் வாங்க வேண்டியிருக்கிறது. அங்கு அலகொன்றின் விலைக்கான உச்சவரம்பு 10 ரூபாய். நுகர்வோர் செலுத்துவது எந்த நேரத்துக்கும் ஒரே கட்டணம். மறைப்பில்லாத ஜன்னலின் விலையில் ஒரு பகுதியை, ஏ.சி.யே இல்லாத வீட்டுக்காரரும் சேர்ந்து சுமக்கிறார் என்பதே இதன் பொருள். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம்.

எந்தத் திசைக்கு எந்த மறைப்பு என்பதில் நம் மண்ணுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. தெற்கு ஜன்னலை மறைக்கச் சொல்லும் வெளிநாட்டு அறிவுரைகள் இங்கு கோடைக்குப் பொருந்தா. ஏப்ரல் இறுதி வாரத்தில் சூரியன் சென்னையின் உச்சிக்கு நேராக வந்துவிடும். அதன் பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்தே கடக்கும். கத்திரி வெயில் காலத்தில் தெற்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழுவதில்லை. கிழக்கும் மேற்குமே நம் பகைத் திசைகள். மேற்கு வெயிலுக்கு வழக்கமான இரண்டடி சன்ஷேட் போதாது. நான்கு மணிக்கு அதன் நிழல் ஜன்னலின் மேற்பகுதியில் ஒன்றரை அடிக்கு இறங்கும்; ஐந்து மணிக்கு முக்கால் அடிதான். தாழ்ந்து வரும் வெயிலைச் செங்குத்தாகத் தொங்கும் திரைதான் மறிக்கும். மேற்கை மூடினால் காற்று வராதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கடலோர ஊர்களில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. வெயில் வரும் வழியை அடைத்துக் காற்று வரும் வழியைத் திறந்துவைக்கும் வாய்ப்பை இயற்கையே நமக்குத் தந்திருக்கிறது.

கடைகளில் 'சோலார் ஸ்கிரீன்' என்ற பெயரில் விற்கும் வலைத் துணிகளில் 1, 3, 5, 10 என்று விழுக்காடுகள் குறிக்கப்பட்டிருக்கும். துணியில் எத்தனை விழுக்காடு திறப்பு என்பதே அதன் பொருள். மேற்குக்கு 1 அல்லது 3, மற்றத் திசைகளுக்கு 5 அல்லது 10 என்று கொள்ளலாம். நிறத்தில் பலரும் குழம்புகின்றனர். வெளியே கட்டும் திரை அடர்நிறமாக இருந்தால் கண் கூசாது, வெளிக்காட்சியும் தெளிவாகத் தெரியும். அது உறிஞ்சும் வெப்பம் வெளியிலேயே கலைந்துவிடும். உள்ளேதான் மாட்ட முடியும் என்ற நிலையில், கண்ணாடியைப் பார்த்த பக்கம் வெள்ளையாகவோ வெள்ளிப் பூச்சோடோ இருக்க வேண்டும். விற்பனையாளர்கள் சொல்லாத ஒன்று உண்டு: பகலில் வெளியாட்கள் உள்ளே பார்க்க முடியாமல் காக்கும் இத்திரை, இரவில் விளக்கேற்றியதும் அந்தக் காவலை இழந்துவிடும். கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிம் அவ்வளவு நல்ல மாற்று அன்று. அது வெப்பத்தைக் கண்ணாடியிலேயே தேக்குகிறது. பட்டப்பகலில் விளக்கைப் போட வைக்கிறது.

விலை உயர்ந்த துணிதான் வேண்டும் என்பதில்லை. மூங்கில் தட்டியும், நாற்றங்கால்களில் கட்டும் நிழல் வலையும் வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிக்கும் பழைய வழக்கம் மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட வெயிலுக்கு ஏற்றது. சென்னையின் புழுக்கத்தில் அதன் பயன் குறைவு. எதைக் கட்டினாலும் இரு பக்கமும் கம்பியில் பிணைத்து, புயல் எச்சரிக்கை வந்ததும் சுருட்டிக் கட்டும்படி இருக்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலைக் கண்ட ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்புக் காற்று வீசும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளே நிலைக்கும்.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். 1930-களின் பிற்பகுதியில் அதன் கட்டுமானம் தொடங்கியது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. கண்ணாடிக்குப் பதில் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கல் சாளரச் சுவர்கள் இன்னொரு சான்று. (பொருளியலாளர்கள் சிக்கனத்தைப் போதித்தபடியே அதற்குள் அமர்ந்தும் காட்டிய அரிய இடம் அது.)

பிறகு ஏன் நம் அடுக்ககங்கள் வெற்றுக் கண்ணாடியோடு எழுகின்றன? கட்டுபவர் மறைப்புக்குச் செலவழித்தால் பலன் வாங்குபவருக்குப் போகிறது. வாங்குபவரோ மின் கட்டணத்தைப் பார்க்கும் முன் விலையைப் பார்க்கிறார். வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு வாடகைதாரரின் ஏ.சி. செலவு ஒரு பொருட்டன்று. வாடகைதாரரால் சுவரில் துளை போடவும் முடியாது. குளிர்சாதனத்துக்கோ மாதத் தவணை உண்டு, விளம்பரம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தக் குறைப்பைக் கேட்க ஒரு தொழில்துறை இருந்தது. தட்டி முடைபவருக்காகக் கேட்க யாருமில்லை.

இத்தனையும் தாண்டி ஒருவர் தட்டி கட்ட முன்வந்தால் குடியிருப்போர் சங்கம் குறுக்கே நிற்கிறது. நான் வசிக்கும் அடுக்ககத்தில் மேற்குப் பக்க வீட்டுக்காரர் ஒருவர் மூங்கில் தட்டி மாட்டினார். முகப்பின் அழகு கெடுவதாகக் கூறி அதை அகற்ற வைத்தனர். அதே முகப்பில் ஏ.சி.யின் வெளிப்பெட்டிகள் பதினேழு தொங்குகின்றன. அவை எவருடைய அழகுணர்ச்சியையும் புண்படுத்தவில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', கூரை நீங்கலான சுவர், ஜன்னல் வழியாகக் குடியிருப்புக்குள் வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வகுத்தது. 2022-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமையுள்ள குடியிருப்புகளையும் விதிகளுக்குள் கொண்டுவர வழி செய்தது. அந்த அளவைக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அதிகாரமும் தந்தது. கட்டட வரைபட அனுமதியின்போது மேற்கு, கிழக்கு ஜன்னல்களுக்கு வெளிமறைப்பு காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கூடுதல் நிதியோ புதிய துறையோ தேவைப்படாது. கழற்றி மாட்டக்கூடிய வெயில் திரையைச் சங்கங்கள் தடுக்கலாகாது என்று ஓர் அரசாணையும் வேண்டும். நிறத்தையும் அளவையும் வேண்டுமானால் சங்கமே முடிவு செய்யட்டும்.

தகரக் கூரையின் கீழும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் வாழ்பவர்களுக்கு இவை பயன்படா. அவர்கள் வீட்டில் வெப்பம் இறங்குவது மேலிருந்து. அதற்குத் தெலங்கானா 2023-இல் கொண்டுவந்ததைப் போன்ற குளிர்கூரைக் கொள்கை தனியே தேவை. அடுக்ககங்களில் வசிப்போர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சங்கங்களின் பொதுக்குழு கோடைக்கு முன்பே கூடுகிறது. அதன் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.