சன்னலோரத்தில் ஒரு முகம்

வீட்டில் முதியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்த அன்றே, அடக்கத்திற்கான ஏற்பாடுகளுக்கிடையே ஒரு தேடலும் தொடங்கிவிடுகிறது. “அப்பாவின் நல்ல படம் ஒன்று வேண்டுமே!” பிள்ளைகளின் கைப்பேசிகளில் படங்களுக்குப் பஞ்சமில்லை. பிறந்தநாள் கேக் இருக்கும், கிறிஸ்து பிறப்புக் குடில் இருக்கும், மாதா தேர் இருக்கும். அப்பாவோ ஏதோ ஒரு திருமணக் கூட்டத்தின் மூன்றாம் வரிசையில், பாதித் தோள் மறைய, கண்களைச் சுருக்கியபடி நிற்பார். அந்த முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, பக்கத்தில் நின்றவரின் சட்டைக் கை காதோரம் ஒட்டிக்கொண்டிருக்க, நினைவு அட்டையில் அச்சிடுகிறோம். எத்தனையோ குடும்பங்களில் நிகழ்வது இது.

ஃபிலிம் சுருள் இருந்த நாள்களில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு சுருளில் 36 படங்கள். கழுவவும் அச்சிடவும் தனித்தனியே செலவு. ஆகவே திருமணத்திற்கும் புதுநன்மைக்கும் மட்டுமே படம் எடுத்தோம். இன்று அந்தத் தடை இல்லை. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் காமிரா, பத்தாயிரம் புள்ளிகளாலான ஒரேயொரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடா ஒன்றில் பதிவதற்கு 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய எளிய கைப்பேசியோ ஒரு கோடிப் புள்ளிகளுக்கு மேல் கண்ணிமைக்கும் நேரத்தில் பதிந்துவிடுகிறது. ஆயினும் படங்கள் ஏன் நன்றாக அமைவதில்லை? கருவியில் குறையில்லை அன்பர்களே. ஒளியைப் பார்த்து எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் வெயில் நேரே விழாத சன்னல் ஒன்று நிச்சயம் இருக்கும். காலை ஒன்பது மணியளவில் அதன் அருகே ஒரு நாற்காலியைப் போட்டு, தாத்தாவையோ பாட்டியையோ அமரச் செய்யுங்கள். முகம் சன்னலை நோக்கிச் சற்றே திரும்பியிருக்கட்டும். சன்னல் அவர்களுக்குப் பின்னால் இருக்கலாகாது. இருந்தால் வெளிச்சம் காமிராவுக்கே நேராக வந்து, முகம் கரிய நிழலாகிவிடும். குழல் விளக்கை அணைத்துவிடுங்கள். இருவேறு நிறமுடைய ஒளிகள் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறமாகவும் மறு கன்னம் வேறு நிறமாகவும் தெரியும். திண்ணை உள்ள வீட்டார் பேறுபெற்றவர்கள். அதன் நிழலைவிடச் சிறந்த படக்கூடம் எந்த ஊரிலும் இல்லை.

இனி, காமிராவைக் கண்மட்டத்தில் பிடியுங்கள். அமர்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் நெற்றி பெரிதாகவும் கன்னங்கள் சிறியனவாகவும் தோன்றும். தொலைவில் நின்றுகொண்டு, கைப்பேசியின் திரையில் விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்காமல், இரண்டடி முன்னே செல்லுங்கள். மிக நெருங்கியும் விடாதீர்கள், மூக்கு பெருத்துவிடும். இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் அசைவு குறையும். “சிரியுங்கள், சிரியுங்கள்” என்று விரட்டுவது வேண்டாம். அவர்கள் மணமான நாளைப் பற்றிக் கேளுங்கள். பேசி முடித்து வாய் மூடும் அந்த நொடியில் பொத்தானை அழுத்துங்கள்.

நம்மவர்களுக்கு மிகவும் தேவையான ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காமிராவுக்கு முகம் இன்னாருடையது என்பது தெரியாது. தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் சராசரியான சாம்பல் நிறமாக எண்ணிக்கொண்டே அது ஒளியை அளக்கிறது. வெள்ளைச் சுவர் முன் மாநிறத்தவர் ஒருவர் அமர்ந்தால், “வெளிச்சம் அளவுக்கு மீறிவிட்டது” என்று கருதி அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. விளைவு? சுவர் சாம்பல், முகம் இருள். புதுநன்மைக்கு வெள்ளை உடுத்திய பிள்ளைகளின் படங்கள் மங்கிப்போவதும் இதனால்தான். புதிய கைப்பேசிகள் முகத்தை ஓரளவு கண்டுகொள்கின்றன என்றாலும், முழுவதும் நம்பிவிட வேண்டாம். கைப்பேசியில் முகத்தின் மேல் விரலால் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைச் சிறிது மேலே தள்ளுங்கள். காமிராவானால் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி, கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்துங்கள். முகம் உயிர்பெறும்.

இதற்காக முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்பதில்லை. வண்ண ஃபிலிம் காலத்தில் அமெரிக்கப் படக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ‘ஷர்லி அட்டை’யில் வெள்ளையினப் பெண்ணின் முகமே இருந்தது, கரிய தோல் அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. இன்று அக்குறையை நாமே விலைகொடுத்து வாங்குவதுபோல், தோலை வெளுப்பாக்கிச் சுருக்கங்களைத் துடைக்கும் ‘அழகூட்டும்’ வசதியைத் திறந்து வைத்திருக்கிறோம். பாட்டியின் நெற்றிச் சுருக்கங்களை அழித்துவிட்டால், எஞ்சுவது பாட்டியா? அதனை அணைத்துவிடுங்கள்.

கோயிலுக்குள் எடுக்கும் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசியின் பிளாஷ் வெளிச்சம் ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு மேல் பயன் தருவதில்லை. பின்வரிசையிலிருந்து அதை மின்னச் செய்வதால் பீடம் ஒளிபெறாது. முன்வரிசையினரின் தலைகளே வெண்மையாகத் தெரியும். எழுந்தேற்றத்தின்போது இவ்வாறு மின்னுவது, மண்டியிட்டிருப்போரின் செபத்திற்கும் இடையூறு. திருப்பலி முடிந்தபின், குழந்தையைக் கோயிலின் நிழல் விழும் பக்கச் சுவரருகே நிறுத்தி எடுங்கள். வாசலில் வெயிலை நோக்கி வரிசையாக நிறுத்தினால் அத்தனை பேரும் கண்ணைச் சுளிப்பார்கள். ஒன்று மறந்தேன்: எடுக்குமுன் கைப்பேசியின் கண்ணாடியை மென்துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த கண்ணாடியில் மெழுகுதிரிச் சுடர்கள் எல்லாம் பஞ்சுபோல் விரிந்து நிற்கும்.

எடுத்த படத்தை அச்சிட்டு வையுங்கள். 4 அங்குலத்திற்கு 6 அங்குல அச்சுக்கு ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள் போதுமானவை. ஆகவே விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதியை அச்சகத்தில் கொடாதீர்கள். அதில் பெருமளவு விவரம் குறைந்திருக்கும். கைப்பேசியிலுள்ள மூலப்படத்தையே கொடுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, பின்புறத்தின் ஓரத்தில் பெயரையும் ஆண்டையும் அழுத்தாமல் எழுதி, ஒன்றை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள்.