புகை போச்சு, ஆபத்து போகலை

எங்க பக்கம் நிலம் வாங்கி வீடு கட்டுற பட்டணத்துக்காரங்க முதல்ல கேட்கிறது விறகடுப்புதான். சந்தோஷம். விறகுக்கும் பஞ்சமில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திமாரும் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையும் கிடக்கு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி விறகு. எனக்குக் கோபம் அடுப்பு மேல இல்லை. அதோட புகைபோக்கிக்கு நீங்க போடுற மூடி மேல.

போன மார்கழியில பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. அவங்க புகைபோக்கியில, வெள்ளைக்காரன் வீட்டுக் கணப்புல இருக்கிற மாதிரி, இழுத்து மூடுற தகடு ஒண்ணு. பல்லி விழக்கூடாது, பனி இறங்கக்கூடாதுன்னு வச்சது. ராத்திரி புகை நின்னதும் தகட்டை மூடி, ஜன்னலையும் சாத்திட்டு, அடுப்படியை ஒட்டின கூடத்துலயே படுத்துட்டாங்க. விடிஞ்சதும் எல்லாருக்கும் தலைவலி, வாந்தி. "ஊர்த் தண்ணி ஒத்துக்கலை போல"ன்னார் வீட்டுக்காரர். நான் போய் அடுப்பைக் கிளறினேன். சாம்பலுக்கு அடியில கங்கு செவசெவன்னு கிடந்தது.

தண்ணி மேல ஏன் பழி? புகை நின்னா நெருப்பு நின்னதா அர்த்தமில்லை. கங்கு மூச்சுமுட்டி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தூங்குறவனை எழுப்பாது. மலைப்பிரதேசத்துல அறைக்குள்ள கரியடுப்பு வச்சுத் தூங்கி செத்தவங்க செய்தியை நீங்களும் படிச்சிருப்பீங்க. குளியலறையில காத்துவழி இல்லாம மாட்டுற கேஸ் கீசரும் இதே எமன்தான்.

"அந்தக் காலத்துல எல்லாரும் செத்தா போனாங்க?"ன்னு கேட்காதீங்க. அந்த வீடு நாட்டு ஓட்டு வீடு. ஓட்டிடுக்கு அத்தனையும் காத்துவழி. உங்களது கான்கிரீட் பெட்டி. அப்பவும் அடுப்படியில கண்ணெரிஞ்சு, நெஞ்சு கரிச்சுக் காலம் தள்ளினது பொம்பளைங்கதான். அந்தப் புகையைக் குறைக்கத்தான் 1983-ல மத்திய அரசே அடுப்புத் திட்டம் கொண்டுவந்துச்சு. அப்படி வெளியேத்தப் பாடுபட்டதை நீங்க தகடு போட்டு உள்ளேயே நிறுத்துறீங்க.

தகடு வேணும்னா வச்சுக்கோங்க. திறந்துட்டு அப்புறம் தீக்குச்சியை உரசுங்க. சாம்பல் முழுக்க ஆறி, கிளறினாலும் ஒரு கங்கு இல்லைன்னு தெரியுறவரை மூடாதீங்க. தெரியாம மூடினாலும் வழி மிச்சம் இருக்கிற மாதிரி, தகட்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூலையை வெட்டிவிடச் சொல்லுங்க. மழைக்கு மேல ஒரு தொப்பி போதும். வருஷத்துக்கு ஒருதடவை ஒட்டடையும் கரியும் தட்டுங்க. அடுப்பு இருக்கிற வீட்டுல ரெண்டு பேருக்குச் சேர்ந்து தலைவலிச்சா மாத்திரை தேடாதீங்க. எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து 108-க்குப் போன் பண்ணுங்க.

பல்லி விழுந்தா ஒருவேளைக் குழம்புதான் போகும். அதுக்குப் பயந்து புகைபோக்கியை அடைக்காதீங்க.