குழம்புக்குச் சமரசம், சீருடைக்கு?

2011-ல் ஒரு குழம்புச் சண்டை சிங்கப்பூர் முழுக்க மணத்தது, ஞாபகம் இருக்கா? சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டு இந்தியர்களின் குழம்பு வாசனை ஆகவில்லை. சமூக சமரச நிலையத்தில் பேசினார்கள். நீங்கள் வீட்டில் இல்லாதபோது சமைக்கிறோம் என்று இவர்களும், ஒருநாள் சுவைத்துப் பார்க்கிறோம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சில வருடங்கள் கழித்து அது செய்தியானபோது ஊரே கோபப்பட்டுக் குழம்பு வைத்தது.

அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு விஷயம். அங்கே ஒரு மேசை இருந்தது, யார் பக்கமும் சேராத ஒருவர் நடுவில் இருந்தார். சீருடை போட்ட பிள்ளைக்கு அந்த மேசை எங்கே?

2012 ஏப்ரல், முராய் பயிற்சித் தளம். தேசிய சேவையிலிருந்த 21 வயது இளைஞன் புகைக்குண்டுப் புகை ஒவ்வாமல் இறந்தான். விதிப்படி இரண்டு குண்டுதான், வீசப்பட்டது ஆறு என்றது விசாரணைக் குழு. குடும்பம் வழக்குப் போட்டது. 2016-ல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரணம், அரசாங்க வழக்குச் சட்டத்தின் 14-வது பிரிவு. பணியில் நேர்ந்த சாவுக்கு விதிகளின்படி இழப்பீடு உண்டு, ஆனால் அலட்சியம் என்று சொல்லி ஆயுதப்படைமீதோ அதிகாரிமீதோ நஷ்டஈடு வழக்குப் போட முடியாது.

“கோர்ட் எதுக்குங்க, சமரசமாப் போயிடலாமே” என்பார்கள். போகலாம். ஆனால் சமரசத்துக்கு மதிப்பு வருவதே பின்னால் நீதிமன்றக் கதவு திறந்திருப்பதால்தான். பக்கத்து வீட்டுக்காரர் பேச வராவிட்டால் 2015-லிருந்து அதற்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. கதவை முதலிலேயே பூட்டிவிட்டு “வாங்க பேசலாம்” என்றால் அது மனுக் கொடுப்பது. தொகையை ஒரு தரப்பே தீர்மானிக்கும், வருத்தத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்பதையும் அதுவே தீர்மானிக்கும். பெற்றோர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2019 ஆகஸ்டில் 46 நாடுகள் இங்கே கூடி, நம் ஊர்ப் பெயரிலேயே சமரச உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. உலக வணிகர்களின் சண்டைக்கு நாம் நடுவர்! அதே வருடம் ஆயுதப்படையில் தலைமை ஆய்வாளர் பதவி வந்தது. நல்லதுதான். ஆனால் அவர் பாதுகாப்பைச் சோதிப்பவர், படைத் தலைவருக்குப் பதில் சொல்பவர். நடுவில் உட்காருபவர் அல்லர்.

ராணுவம் தயங்காமல் பயிற்சி செய்ய இந்தப் பிரிவு வேண்டும் என்று வாதம். பிரிட்டன் 1947-ல் இதேபோல் ஒரு தடை வைத்திருந்தது. 1987-ல் அதை நிறுத்திவைத்தது. அதனால் அவர்கள் ராணுவம் கலைந்துபோய்விடவில்லை. ஜெர்மனியில் எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைக் கேட்காமலே நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த ஆணையருக்கு எழுதலாம்.

கேட்பது இரண்டுதான். போர் இல்லாத காலத்துப் பயிற்சி விபத்துகளுக்கு 14-வது பிரிவைத் தளர்த்துங்கள். பிறகு படைக்கு வெளியிலிருந்து ஒரு நடுவரை உட்கார வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் தேக்காவில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு முகாமுக்குத் திரும்புகிற பையனிடம் நாடு இரண்டு வருடத்தைக் கட்டாயமாகக் கேட்கிறது. அவனுக்கு ஏதாவது ஆனால், அவன் வீட்டாருக்கும் அமைச்சுக்கும் சமமாக இரண்டு நாற்காலி போட மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?